ஒரு பை மாத்திரை



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். உலு திராமிலிருந்து ஓர் அக்கா நம் இதழின் அலுவலகப் படியேறி வந்தார். கையில் பேரங்காடிப் பை ஒன்று. மேசையில் வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து மாத்திரை அட்டைகள் சரசரவென்று சரிந்தன. கணவர் தவறி நாற்பது நாள் ஆகிறதாம். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கடைசி இரண்டு வருடம் இருதயமும் சேர்ந்துகொண்டது. அவ்வளவுக்குமான மருந்து அந்தப் பையில் இருந்தது.

“தூக்கிப்போட மனசு வரல தம்பி. எல்லாம் நல்ல மருந்து. இலங்கையில மருந்துக்குக் கஷ்டப்படறாங்கன்னு உங்க புத்தகத்துலதான படிச்சேன். அங்க அனுப்பி வைங்க.”

பையைப் பார்த்தேன். மெட்ஃபார்மின் அட்டைகள் ஒரு கட்டு ரப்பர் பேண்டு போட்டு. அம்லோடிபின். கொழுப்புக்கான மாத்திரை. பாதி குடித்த இருமல் மருந்து. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, சின்னப் பழுப்புக் குப்பியில். ஈரத்துண்டில் சுற்றி இரண்டு இன்சுலின் பேனா. உலு திராமிலிருந்து பேருந்தில், அந்த வெயிலில், மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு பொட்டலத்திலும் கிளினிக்கின் வெள்ளை லேபிள், அதில் கணவர் பெயர், கீழே மலாயில் ‘மாக்கான் 1 பிஜி, 2 காலி செஹாரி’ (ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு மாத்திரை சாப்பிடவும்).

இதை அனுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? டீ போடச் சொன்னேன். அவரிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதைத்தான் இந்த மாதப் பக்கத்தில் முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன். அவர் ஒருவர் மட்டும் அல்ல. இந்த இரண்டு வருடத்தில் இப்படிப் பையோடு வந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணினால் விரல் போதாது. நம் ஊரில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் மருத்துவரையும் பார்த்து மருந்தும் வாங்கி வந்துவிடலாம். அது பெரிய பாக்கியம். அதன் மறுபக்கம், எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இரண்டு மூன்று மாத மருந்து மிச்சம் கிடக்கிறது. பிஸ்கட் டின்னில், பழைய ஐஸ்கிரீம் டப்பாவில், சாமி மாடத்துக்குக் கீழே.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26. சுனாமி. பினாங்கு, கெடா உள்பட நம் நாட்டிலேயே 68 பேர் போனார்கள். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆச்சேயில் நடந்தது கணக்கில் அடங்காதது. இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், கடலூர் என்று தொலைக்காட்சியில் தெரிந்த ஊர்களில் பாதி நம் வாசகர்களின் தாத்தா பாட்டி ஊர்கள். எங்களுக்குக் கை துறுதுறுத்தது. அப்போது ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். ‘உங்கள் வீட்டில் உபயோகப்படாத மருந்துகளைக் கொண்டுவந்து கொடுங்கள்’ என்று ஒரு துண்டறிக்கை அடித்தோம். வாசகமும் நான் எழுதியதுதான். பத்தே நாளில் பத்தொன்பது பெட்டி சேர்ந்துவிட்டது. மாடிப்படியில் ஆள் ஏற இடமில்லை.

பணி ஓய்வு பெற்ற மருந்தாளர் ஒருவர், நம் நீண்டநாள் வாசகி, பார்த்துவிட்டுப் போக வந்தார். வந்தவர் இரண்டு இரவு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தார். தேதி முடிந்தது ஒரு பக்கம். அட்டையின் ஓரம் கத்தரிக்கப்பட்டுத் தேதியே தெரியாதது இன்னொரு பக்கம். பெயரில்லாத வெள்ளை மாத்திரைகள் ஒரு வாளி. கர்ப்பத்தடை மாத்திரை, முடி வளரத் தைலம், எடை குறைக்கும் டீ. நாய்க்குப் பூச்சி மருந்துகூட ஒன்று இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒன்றரைப் பெட்டி. அதிலும் முக்கால்வாசி பஞ்சும் கட்டுத்துணியும். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கேட்டார்: “சரி, இதை அங்க யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை.

எங்கள் ஒன்றரைப் பெட்டி மாடியிலேயே நின்றுவிட்டது. உலகத்தின் மற்றப் பெட்டிகள் நிற்கவில்லை. ஆச்சேக்கு அப்போது போய்ச்சேர்ந்த மருந்து சுமார் 4,000 டன். பிரான்ஸ் நாட்டு மருந்தாளர்களின் தொண்டு அமைப்பான ‘எல்லைகளற்ற மருந்தாளர்கள்’ பிறகு அங்கே போய்க் கணக்கெடுத்தது. அவ்வளவும் இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு. வந்த மருந்தில் 60 விழுக்காடு இந்தோனேசியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதது. 70 விழுக்காட்டில் லேபிள் அந்த ஊர்க்காரர் படிக்க முடியாத மொழியில். 600 டன்னை அழித்தாக வேண்டும் என்றார்கள். அழிக்கும் செலவு மட்டும் 24 லட்சம் யூரோ.

4,000 டன் என்றால் எவ்வளவு என்று எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேரிடர்க் காலத்துக்கென்று உலகச் சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வகுத்த மருந்துப் பெட்டகம் ஒன்று 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 10,000 பேருக்கு மூன்று மாதம் தாங்கும்படி எண்ணி எண்ணி அடுக்கியது. அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். இருபது லட்சம் பேருக்கும் கொடுத்தால்கூட 200 பெட்டகம், 200 டன் போதும். போனது அதைப் போல இருபது மடங்கு. அவ்வளவு போயும், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல், தேவையான ஒரு மருந்துக்காகத் தாதிகள் குவியலைக் கிளற வேண்டிய நிலை.

இந்தக் கிளறலுக்கும் கணக்கு உண்டு. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் வந்து குவிந்தன. என்னென்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கே 50 பேர் ஆறு மாதம் உழைக்க வேண்டியிருந்தது. இடிபாட்டிலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டிருக்கும் நாட்டில் ஐம்பது படித்த கைகள், ஆறு மாதம், அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டு!

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். மருந்துக்குக் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லித்துவேனியாவில் 1993ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அன்பளிப்பாக வந்த ஒரு மருந்து. உள்ளே விளக்கத் தாள் இல்லை. மருத்துவர்கள் பெட்டியின் மேலிருந்த பெயரை வேறு மருந்துகளின் தாள்களோடு ஒத்துப்பார்த்து, இது கருப்பை அழற்சிக்கானது என்று முடிவு கட்டிப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் அது குளோசான்டெல். ஆடு மாடுகளுக்குப் போடும் பூச்சி மருந்து. பதினொரு பெண்களுக்குக் கொஞ்ச காலம் கண்பார்வையே போய்விட்டது. கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. வைத்தியம் பார்த்தவரும் அப்படித்தான். எங்கள் ஸ்கூடாய்ப் பெட்டியில் கிடந்த நாய் மருந்து எனக்கு இப்போதும் அடிக்கடி ஞாபகம் வரும்.

பெயர் என்ற விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நின்று போகலாம். நம் வீட்டில் காய்ச்சலுக்கு ‘பனடோல்’ என்போம். தமிழ்நாட்டில் ‘குரோசின்’, ‘டோலோ’ என்பார்கள். உள்ளே இருப்பது பாராசிட்டமால். அதையே அமெரிக்காவிலிருந்து வரும் புட்டியில் அசிட்டமினோஃபென் என்று எழுதியிருக்கும். மூச்சிரைப்புக்கு நாம் இழுக்கும் சல்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். படித்த தாதியே தடுமாறும் இடம் இது. ஒரே மருந்து இரண்டு பெயரில் ஒரு நோயாளிக்குப் போய்விட்டால் அளவு இரட்டித்துவிடும். சர்க்கரை மருந்தில் அப்படி நடந்தால் ஆள் மயங்கி விழுவார். அதனால்தான் கம்பெனி வைத்த பெயர் எதுவானாலும், மருந்தின் பொதுப்பெயர் லேபிளில் இருக்க வேண்டும், அதுவும் வாங்கிக்கொள்ளும் ஊரின் மருத்துவத் துறையினருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அக்கா கொண்டுவந்த பொட்டலங்களில் இருந்த ‘மாக்கான்’ மட்டக்களப்பில் யாருக்குப் புரியும்? நல்லவேளை, சாப்பிடச் சொல்கிறது. அதே பையில் இருந்த கண் சொட்டு மருந்தையும் வாயில் ஊற்றிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இனி மிஞ்சியதை அழிக்கும் கதை. ‘வேண்டாததை அவர்களே தூக்கிப்போட்டுக்கொள்ளட்டுமே’ என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் பாசிர் கூடாங்கில்தான் குடியிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியம். 2019 மார்ச்சில் யாரோ இரவோடு இரவாக அதே ஊரின் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனதில் என்ன பாடு பட்டோம்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மயங்கி விழ, 111 பள்ளிகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். மருந்தும் ஒரு முறையில் இரசாயனம்தான். ஆற்றில் கொட்டினால் தண்ணீரில் கலக்கும். குப்பைமேட்டில் போட்டால் பொறுக்கி எடுத்து விற்க ஆள் இருக்கிறது. திறந்தவெளியில் கொளுத்தினால் நச்சுப் புகை. புற்றுநோய் மருந்துகளை 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிக்க வேண்டும். அப்படிப்பட்ட உலை இருப்பது பெரும்பாலும் பணக்கார நாடுகளில்தான்.

எரித்திரியாவில் விடுதலைப் போர் நடந்த சமயம், தேதி கடந்த ஆஸ்பிரின் மாத்திரைகள் ஏழு லாரி நிறைய வந்து இறங்கின. எரித்து முடிக்க ஆறு மாதம் பிடித்தது. அதே நாட்டுக்கு 30,000 அரை லிட்டர் புட்டிகளில் காலாவதியான அமினோ அமிலக் கரைசல் ஒன்றும் வந்தது. அதன் நாற்றம் தாங்காமல் ஊர்ப்பக்கம் எங்கேயுமே கொட்ட முடியவில்லையாம். போஸ்னியாவில் 1992க்கும் 1996 நடுவுக்கும் இடையில் வந்ததில் 17,000 டன் உதவாக்கரை. அழிக்க 3 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். இதில் அன்பு எவ்வளவு, கிடங்கைக் காலி பண்ணும் சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. தேதி முடியப்போகும் சரக்கை உள்ளூரில் அழித்தால் கம்பெனிக்குச் செலவு. தானம் என்று கப்பலேற்றினால் செலவும் மிச்சம், சில நாடுகளில் வருமான வரியிலும் சலுகை. நம் அக்காவின் பையையும் அந்தக் கப்பலையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் போய்ச்சேரும் இடத்தில் இரண்டும் ஒரே குவியலில்தான் விழுகின்றன.

இதையெல்லாம் பார்த்து நொந்துபோய்த்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1996ல் மருந்து தானத்துக்கு வழிகாட்டி விதிகள் வெளியிட்டது. 1999ல் திருத்தினார்கள், 2010ல் மறுபடியும். மொத்தம் பன்னிரண்டு விதி. அத்தனையையும் இங்கே அடுக்கினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன். வாங்குகிறவர் தமக்கு இன்னது வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், அனுப்புமுன் அவர் சம்மதிக்கவும் வேண்டும். அந்த நாட்டில் பயன்படுத்த அனுமதி பெற்ற மருந்தாக இருக்க வேண்டும். கொடுக்கும் நாட்டில் விற்க முடியாத தரத்தில் உள்ளதை அங்கே தள்ளக் கூடாது. போய்ச்சேரும் நாளில் குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். கப்பல் கூலி, சுங்கம், கிடங்கு வாடகை எல்லாம் கொடுப்பவர் தலையில்.

நோயாளிக்குக் கொடுக்கப்பட்டு மிச்சமாகத் திரும்பி வந்த மருந்தையும், டாக்டர்களுக்குக் கம்பெனிக்காரர் கொடுக்கும் இலவச மாதிரிகளையும் தானமாகக் கொடுக்கவே கூடாது என்று ஒரு விதி. அக்காவின் பையைக் கட்டிப்போடுவது இதுதான். கேட்டதும் எனக்கே முதலில் கோபம் வந்தது. சீல் உடைக்காத அட்டை, இன்னும் ஒரு வருடம் தேதி இருக்கிறது, இதில் என்ன குறை? அந்தப் பழைய மருந்தாளர் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். எழுபத்தைந்தைத் தாண்டியும் குரலில் கண்டிப்பு குறையவில்லை. “அட்டை சீல் உடையல. அது எங்க இருந்துச்சு? அடுப்பங்கரையிலயா, காருக்குள்ளயா? ஜொகூர் வெயில்ல கதவடைச்ச கார் எவ்வளவு சூடாகும்னு உங்களுக்குத் தெரியும்ல. மருந்து கெட்டுப்போனா பால் மாதிரி திரிஞ்சு காட்டாது.” பழுப்புக் குப்பியைச் சொன்னேன். “அந்த நாக்கு மாத்திரை குப்பியைத் திறந்து எட்டு வாரம் ஆனா மிச்சத்தைப் போட்டுடணும். நெஞ்சு வலில துடிக்கிறவன் வாயில வீரியம் போன மாத்திரையை வச்சா அது தானமா?” இன்சுலினைச் சொன்னேன். பேருந்து, ஈரத்துண்டு. அவர் ஒன்றும் பேசவில்லை. திறக்காத இன்சுலின் 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள்.

மனம் வைத்தால் இதை ஒழுங்காகச் செய்யவும் முடியும். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2022ல் இலங்கையில் அன்னியச் செலாவணி வற்றி, மருந்து வாங்கக் காசில்லாமல் மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளை ஒத்திப்போட்டன. அந்த ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் இலங்கைக்கு உதவி அனுப்புவது பற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, 137 வகை உயிர்காக்கும் மருந்து. மருந்தின் மதிப்பு மட்டும் 28 கோடி இந்திய ரூபாய். மே 18ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘டான் பின் 99’ என்ற கப்பலில் முதல் தவணை கிளம்பி நாலைந்து நாளில் கொழும்பில் இறங்கியது. அதில் மருந்து 24 டன்.

எனக்கு அந்தக் கப்பலில் இரண்டு விஷயம் பிடித்திருந்தது. ஒன்று, 137 என்ற எண். வந்ததையெல்லாம் வாரிக் கட்டினால் இப்படி ஓர் எண் கிடைக்காது, எண்ணி எடுத்தால்தான் கிடைக்கும். இன்னொன்று, முதலில் இலங்கைத் தமிழருக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. அங்குள்ள தமிழ்த் தலைவர்களே, ‘எங்களுக்கென்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் கொடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். அதன்படியே உதவி மாறியது. யாருக்கு, எது, எப்படி என்று வாங்குகிறவர் சொன்னதைக் கொடுக்கிறவர் காதில் வாங்கினார்.

கேட்டுக் கொடுக்க வேண்டுமானால், எது வேண்டும் என்று எதிர்த்தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. இந்த விஷயத்தில் இலங்கை உலகத்துக்கே முன்னோடி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பேராசிரியர் சேனக பிபிலே என்றொரு மருந்தியல் அறிஞர். 1971ல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தபோது அதன் முதல் தலைவர். அப்போது இலங்கைக்குள் வந்துகொண்டிருந்த மருந்து வகைகள் 2,000க்கும் மேல். அதில் பல ஒரே சரக்கு, வேறு வேறு பெயர். அதை ஏறக்குறைய 600க்குக் குறைத்து, பொதுப்பெயரில் ஒட்டுமொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கச் செய்தார். பெரிய கம்பெனிகள் அவரைச் சும்மா விடவில்லை, அது தனிக்கதை. 1977ல் தென்னமெரிக்காவின் கயானாவில் இருந்தபோது இறந்துபோனார். உலகச் சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே வருடம்தான். தமிழ்நாட்டில் 1994ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகமும் இதே பாதைதான். பட்டியல் போட்டு, பொதுப்பெயரில், மொத்தமாக. ‘நல்ல மருந்து’ என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது விலை கூடிய மருந்து. பிபிலேயைக் கேட்டால் பட்டியலில் இருக்கிறதா என்பார்.

கம்பெனிகளைத் திட்டியதால் அவர்களுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். ஆற்றுக் குருடு என்னும் நோய்க்கு ஐவர்மெக்டினை, வேண்டிய அளவு, வேண்டிய காலம் வரை இலவசமாகத் தருவதாக மெர்க் நிறுவனம் 1987ல் சொன்னது. இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது. யானைக்கால் நோய்க்கு அல்பெண்டசோல் தருவதாக ஸ்மித்க்லைன் பீச்சம் 1998ல் ஒப்புக்கொண்டது. ‘வேண்டிய காலம் வரை’ என்பதைக் கவனியுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரையை மூன்று மாதம் கொடுத்துவிட்டு நான்காம் மாதம் நாம் மறந்துவிட்டால் அந்த நோயாளி எங்கே போவார்? யானைக்கால் நம் தோட்டத்துத் தாத்தாக்கள் அறிந்த நோய். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரெசர் ஐயா எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, மாத்திரையைத் தம் கண்முன்னே விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வாராம். இலங்கை ஐந்து வருடம் ஊர் ஊராக இப்படி மாத்திரை கொடுத்து, 2016ல் அந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக உலகச் சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. நோய் இன்னது, மருந்து இன்னது, ஆள் இத்தனை பேர் என்று முதலிலேயே தெரிந்திருந்ததால் வந்த வெற்றி.

கடல் தாண்டித்தான் இந்தப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்காலம் வந்துவிட்டது. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியதை அங்குள்ள வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தில் ஜொகூரில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வந்தார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பக்கம். நிவாரண மையமாக மாறிய பள்ளிக்கூடத்தில் நான் அப்போது பார்த்தது இது: மூலையில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி, பக்கத்தில் இருமல் மருந்தும் தைலமும் ஒரு குவியல். பாயில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு வேண்டியதோ, வெள்ளத்தில் போன தம் சர்க்கரை மாத்திரை. பெயர் தெரியாது. “வெள்ளையா, நீட்டமா இருக்கும்யா, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு” என்றார். வெள்ளையாக நீளமாக இருக்கும் மாத்திரை ஆயிரம் இருக்கிறது. அங்கே வந்திருந்த சுகாதார அமைச்சின் குழுவினர் அவருடைய அடையாள அட்டையை வாங்கி, கிளினிக்குக்குத் தொலைபேசியில் கேட்டு, மறுநாள் மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் குவியலிலிருந்து அவருக்கு ஒரு மாத்திரைகூட எடுக்க முடியவில்லை.

அதனால் இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். அப்பா அம்மா சாப்பிடும் மருந்துகளின் லேபிளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. தூர தேசத்துக்கு உதவ நினைப்பவர்கள் காசாகக் கொடுங்கள். அந்த நாட்டுச் சுகாதார அமைச்சோ, அங்கே வேலை செய்யும் மருத்துவத் தொண்டு அமைப்போ கேட்டிருக்கும் மருந்தை மொத்த விலையில் வாங்கும் அமைப்புக்குக் கொடுங்கள். நாம் மருந்துக்கடையில் நூறு வெள்ளிக்கு வாங்குவதைவிடப் பல மடங்கு அவர்கள் வாங்கிவிடுவார்கள். காசு கொடுப்பதில் ஒரு மனக்குறை இருப்பது எனக்குத் தெரியும். கையில் தொட்டு, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி அனுப்பும் நிறைவு அதில் கிடைக்காது. என்ன செய்வது, அந்த நிறைவு நமக்கானது.

அக்கா கதையை முடிக்கவில்லையே. டீ குடித்து முடிக்கும்வரை இதில் பாதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்போ அவரு மருந்து யாருக்கும் ஆகாதா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இருவருமாகக் கிளம்பி அரசாங்க மருத்துவமனையின் மருந்தகக் கவுன்டருக்குப் போனோம். மிச்சமான மருந்தைப் பொதுமக்கள் அங்கே திருப்பிக் கொடுக்கலாம். குப்பையில் போடாமல், சிங்க்கில் ஊற்றாமல், அதை முறையாக அப்புறப்படுத்துவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம்மில் நிறையப் பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கணவர் பெயர் இருந்த லேபிள்களை மட்டும் அக்கா நகத்தால் மெல்ல மெல்ல உரித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். அந்தப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை.

போன மாதம் நடந்ததைப் பார்த்துவிட்டு நம் அலுவலகத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மருந்து இங்கே வாங்கிக்கொள்ளப்பட மாட்டாது. ஆனால் பையோடு வருகிறவர்களை வாசலிலிருந்து திருப்பி அனுப்பவும் மாட்டோம். வியாழக்கிழமை மதியம் வந்தால் நானோ, நம் விநியோகப் பிரிவுத் தம்பியோ உங்களோடு கவுன்டர் வரை வருவோம். டீ எப்போதும் உண்டு. இன்சுலினை மட்டும் பேருந்தில் கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்